கிரீமுக்குள் இருக்கும் தாவரம்: எண்ணெய்களும் மெழுகுகளும் உண்மையில் செய்யும் வேலை

1970இல் அமெரிக்க அரசு ஸ்பெர்ம் திமிங்கலத்தை அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. அடுத்து அதன் எண்ணெயை இறக்குமதி செய்வதற்கும் தடை வந்தது. பல தொழில்கள் திண்டாடிப் போயின. நுட்பமான இயந்திரங்களுக்கு மசகாக அந்த எண்ணெய்தான் பயன்பட்டது. திமிங்கலத்தின் தலையிலிருந்து எடுக்கப்படும் ஸ்பெர்மசெட்டி என்ற வெள்ளை மெழுகு, களிம்புகளுக்கும் முகக் கிரீம்களுக்கும் நெடுங்காலமாக உடல் கொடுத்து வந்திருந்தது. மாற்று தேடியவர்களுக்கு விடை ஒரு பாலைவனப் புதரில் கிடைத்தது. அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் பரவிக் கிடக்கும் சொனோரா பாலைவனத்தில் வளரும் ஜோஜோபாதான் அது. அதன் விதையைப் பிழிந்தால் வரும் பொன்னிற எண்ணெய், வேதியியல் அமைப்பில் எந்தச் சமையல் எண்ணெயையும்விடத் திமிங்கல எண்ணெய்க்கு நெருக்கமானது.

ஒரு புதரின் விதைக்கும் கடல் விலங்கின் தலைக்கும் என்ன உறவு? மூலக்கூறு அளவில் இருக்கிறது. தாவர எண்ணெய்கள் பெரும்பாலும் ட்ரைகிளிசரைடுகள். அதாவது, ஒரு கிளிசரால் மூலக்கூறோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்துக் கிடப்பவை. மெழுகில் கிளிசரால் கிடையாது. ஒரு நீண்ட கொழுப்பு அமிலமும் ஒரு நீண்ட கொழுப்பு ஆல்கஹாலும் நேரடியாகக் கைகோத்தால் அது மெழுகு எஸ்டர். ஜோஜோபா எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இந்த மெழுகு எஸ்டர்கள்தான். எண்ணெய் என்று பெயர் வாங்கியிருந்தாலும் அது அறை வெப்பத்தில் உருகியே இருக்கும் ஒரு மெழுகு. ஜப்பான் மெழுகு இதற்கு நேரெதிர். ரஸ் இனத்து மரங்களின் காய்களிலிருந்து எடுக்கப்படும் அது பார்க்கவும் தொடவும் மெழுகுதான். உள்ளே இருப்பதோ பெரும்பாலும் ட்ரைகிளிசரைடு, அதாவது கெட்டிக் கொழுப்பு. சோயா மெழுகு என்று விற்கப்படுவதும் அப்படித்தான்: சோயா எண்ணெயோடு ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டியாக்கியது.

இயற்கை அழகுப் பொருட்களின் விளம்பரம் மரத்தின் பெயரைச் சொல்லி விற்கிறது. தோலுக்கு மரத்தின் பெயர் தெரியாது. எந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு, அது எந்த வெப்பத்தில் உருகும், எவ்வளவு சீக்கிரம் கெடும், பிழிந்தபின் என்னென்ன செய்தார்கள் – ஒரு பொருள் தோலில் எப்படி நடந்துகொள்ளும் என்பது இவற்றில்தான் இருக்கிறது.

ஜோஜோபாவையே எடுத்துக்கொள்வோம். “தோல் சுரக்கும் எண்ணெயைப் போன்றது” என்று அதைப் பற்றிச் சொல்லாத விற்பனையாளர் இல்லை. நம் தோல் சுரக்கும் சீபத்தில் மெழுகு எஸ்டர்கள் ஏறக்குறைய கால் பங்கு. பாதிக்கு மேல் ட்ரைகிளிசரைடுகளும் அவை உடைந்து வரும் கொழுப்பு அமிலங்களும். மீதியில் பெரும்பகுதி ஸ்குவாலீன் என்ற எண்ணெய்ப் பொருள். ஆக அந்தக் கூற்றில் கால் பங்கு உண்மை. இதைத் தடவினால் தோல் ஏமாந்துபோய்த் தன் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும் என்று அடுத்த படிக்குப் போகிறவர்களும் உண்டு. அது எனக்குக் கதையாகவே படுகிறது. ஜோஜோபாவின் உண்மையான பலம் வேறு: எளிதில் கெடாது, தோலில் பிசுக்கில்லாமல் பரவும்.

தோலின் மேல் என்ன நடக்கிறது

எண்ணெய் தோலுக்கு ஈரம் தருவதில்லை. அதில் தண்ணீரே கிடையாது. தோலுக்குள்ளிருந்து ஓயாமல் ஆவியாகிக்கொண்டிருக்கும் நீரை மெதுவாக்குவதுதான் அதன் வேலை. குளித்த ஈரம் முழுதும் உலர்வதற்கு முன் தடவச் சொல்வது இதனால்தான். இந்த ஒரு வேலையில் மட்டும் பார்த்தால், 1872இல் ராபர்ட் செஸ்பரோ அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பெட்ரோலியம் ஜெல்லியை எந்தத் தாவர எண்ணெயும் இதுவரை மிஞ்சவில்லை. இயற்கைப் பொருள் ஆர்வலர்களுக்கு இது கசப்பான செய்தி. ஆனால் தாவர எண்ணெய் வெறும் மூடியாக மட்டும் இருப்பதில்லை. அதன் பகுதிகள் தோலின் மேலடுக்கோடு கலக்கின்றன. நன்மையும் தீமையும் அந்தக் கலப்பில்தான் இருக்கின்றன.

தோலின் மேலடுக்கு, இறந்த செல்கள் அடுக்கடுக்காகப் படிந்த ஒரு சுவர். அந்தச் செல்களுக்கு இடையே செராமைடுகள் என்ற ஒரு வகைக் கொழுப்புகளும் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும் நிரம்பியிருக்கின்றன. அந்தச் செராமைடுகளில் முக்கியமான ஒரு வகைக்கு லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் கட்டாயம் வேண்டும். உடலால் அதைத் தானாகச் செய்துகொள்ள முடியாது. 1929இல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவு கொடுத்தபோது அவற்றின் தோல் செதில் செதிலாக உரிந்தது. கொழுப்பு அமிலங்களில் சில உயிர் வாழ இன்றியமையாதவை என்ற புரிதல் அந்த ஆய்வுகளிலிருந்து தொடங்கியது.

ஆகவே லினோலெயிக் அமிலம் மிகுந்த எண்ணெய்கள், அதாவது சூரியகாந்தி, குசும்பா, திராட்சை விதை போன்றவை, தோலின் சுவரோடு ஒத்துப்போகின்றன. ஒலெயிக் அமிலம் என்ற இன்னொரு கொழுப்பு அமிலம் மிகுந்தவை, ஆலிவ் எண்ணெய் போன்றவை, அப்படி அல்ல. ஒலெயிக் அமிலம் அந்தக் கொழுப்பு அடுக்கின் ஒழுங்கைக் கலைத்து வழிவிடும் தன்மை கொண்டது. தோல் வழியாக மருந்தை உள்ளே அனுப்ப முயலும் ஆய்வாளர்கள் அதைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். 2013இல் வெளிவந்த ஷெஃபீல்டு பல்கலைக்கழகக் குழுவின் ஆய்வு ஒன்று ஆலிவ் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் பெரியவர்களின் கைத்தோலில் ஒப்பிட்டது. ஆலிவ் எண்ணெய் தோல் தடுப்பைப் பலவீனப்படுத்தி லேசான சிவப்பையும் உண்டாக்கியது. சூரியகாந்தி எண்ணெய் தடுப்பைக் கெடுக்கவில்லை, ஈரத்தையும் கூட்டியது. குழந்தைகளின் வறண்ட தோலுக்கு ஆலிவ் எண்ணெய் தடவும் பழக்கத்தை ஆய்வாளர்கள் ஊக்குவிக்க விரும்பவில்லை. ஆலிவின் புகழுக்கு இது பெரிய அடி. ஆனால் ஓர் எண்ணெயைத் தனியாகத் தடவுவது வேறு, ஒரு கிரீமில் பத்துப் பொருட்களோடு கலந்து தடவுவது வேறு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சூரியகாந்தி என்று பொதுவாகச் சொன்னோமே, அதிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று லினோலெயிக் மிகுந்த பழைய வகை. மற்றொன்று ஒலெயிக் அமிலம் நூற்றுக்கு எண்பதைத் தொடும்படி, வறுவலுக்கும் நீண்ட நாள் இருப்புக்கும் ஏற்றதாக வளர்த்தெடுக்கப்பட்ட வகை. அமைப்பில் பின்னது ஆலிவுக்குத்தான் உறவு. பெரும்பாலும் இரண்டுமே டப்பாவின் பின்புறம் “ஹெலியாந்தஸ் ஆன்யூவஸ் சீட் ஆயில்” என்ற ஒரே பெயரில்தான் வரும். செடி ஒன்று, பெயர் ஒன்று, தோலில் நடப்பது வேறு.

தலைமுடி தனிக் கதை. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அது நீளம் குறைந்த, வளைவற்ற மூலக்கூறு. முடியின் புரதத்தோடு ஒட்டும் இயல்பும் அதற்கு உண்டு. 2003இல் வெளியான ரெலே, மொஹிலே ஆகியோரின் ஆய்வில், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து வரும் மினரல் ஆயில் ஆகிய மூன்றில் தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது. ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் படிப்பது நல்லது. ஆனாலும் காரணம் வேதியியலோடு பொருந்துகிறது. அதே எண்ணெயை முகப்பரு வரும் முகத்தில் தடவச் சொன்னால் நான் தயங்குவேன்.

பரு என்றதும் இணையத்தில் சுற்றும் அந்த அட்டவணை நினைவுக்கு வரும்: ஒவ்வோர் எண்ணெய்க்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண், துளையடைக்கும் தன்மை என்ற தலைப்பில். அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் முயலின் காதுக்குள் தடவிப் பார்த்த பழைய சோதனைகளிலிருந்து வந்தவை. முயல் காது மனித முகத்தைவிட எளிதில் அடைபடும். தனி எண்ணெய்க்குக் கிடைத்த மதிப்பெண் அது கலந்த கிரீமுக்குப் பொருந்தவும் பொருந்தாது. மலசீசியா என்ற பூஞ்சையால் வரும் பொடுகும் தோல் செதிலும் உள்ளவர்களுக்குத்தான் எண்ணெயில் உண்மையான எச்சரிக்கை தேவை. அந்தப் பூஞ்சைக்குக் கொழுப்பு அமிலமே உணவு.

மெழுகு கட்டும் வீடு

எண்ணெய்க்கு ஓடத்தான் தெரியும். அதை ஒரு குச்சியாக நிற்கவைத்து, உதட்டில் பட்டதும் இளகச் செய்வது மெழுகின் வித்தை. மெழுகை எண்ணெயில் உருக்கி ஆறவிட்டால் அது நுண்ணிய படிகத் தகடுகளாக எங்கும் முளைத்து, ஒன்றோடொன்று பின்னி, பஞ்சு தண்ணீரைப் பிடித்துவைப்பதுபோல எண்ணெயைப் பிடித்துக்கொள்கிறது. லிப் பாமில் தேன்மெழுகு சுமார் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும், மீதி எண்ணெயும் கொழுப்பும் நின்றுவிடும். பின்னல் சரியாக அமையாவிட்டால், வெயிலும் குளிரும் மாறி மாறிப் படும்போது லிப்ஸ்டிக்கின் மேல் எண்ணெய்த் துளிகள் அரும்பும். தொழிலில் இருப்பவர்கள் இதை லிப்ஸ்டிக் வியர்க்கிறது என்பார்கள்.

லிப்ஸ்டிக்குக்குள் ஓடும் எண்ணெய் பெரும்பாலும் விளக்கெண்ணெய். ஆமணக்கு விதையின் எண்ணெயில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் ரிசினோலெயிக் அமிலம். கொழுப்பு அமிலங்களில் அரிதாக, அதன் சங்கிலியின் நடுவே ஒரு ஹைட்ராக்சில் குழு தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு கொக்கியால்தான் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு எண்ணெய் அவ்வளவு கெட்டியாக ஓடுகிறது, பளபளக்கிறது, நிறமிகளையும் கட்டியாகாமல் விரவி வைக்கிறது. மற்ற தாவர எண்ணெய்களில் கரையாத ஆல்கஹாலும் இதில் கலக்கும். கவர்ச்சியான பெயர் எதுவும் இல்லாத இந்த எண்ணெய்தான் உதட்டுச் சாயத்தின் முதுகெலும்பு. விளம்பரத்தில் இதன் படத்தைப் பார்ப்பது அரிது.

நூற்றாண்டுகளாகக் கிரீம்களின் மெழுகு என்றால் தேன்மெழுகுதான். இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் பெயரில் வழங்கும் கோல்டு கிரீமே ஆலிவ் எண்ணெயும் தேன்மெழுகும் பன்னீரும் சேர்ந்ததுதான். இயற்கையானது என்றாலும் தாவரம் தருவதல்ல. விலங்கிலிருந்து வந்தது எதுவும் இல்லை என்று சொல்லும் வீகன் முத்திரை வேண்டுமென்றால் அதை விலக்கியாக வேண்டும். அதன் இடத்தை நிரப்புவது லேசல்ல. 62 முதல் 65 டிகிரி செல்சியஸில் உருகும் தேன்மெழுகுக்கு ஒரு வளைந்துகொடுக்கும் குணம் உண்டு. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் கார்னவுபா பனையின் இலைகளில் படியும் மெழுகு 82 முதல் 86 டிகிரியில் உருகும். இயற்கை மெழுகுகளிலேயே மிகக் கடினமானது. தேன்மெழுகின் அளவுக்கே அதைப் போட்டால் குச்சி கல்லாகிவிடும், உதட்டில் இழுபடாது. மெக்சிகோவின் வடக்குப் பாலைவனத்தில் வளரும் காண்டெலில்லா என்ற கள்ளியினச் செடியின் தண்டு மெழுகு சுமார் 70 டிகிரியில் உருகும், பளபளப்பும் தரும். தேன்மெழுகுக்குப் பதிலாக இதில் பாதி அளவு போட்டுப் பார் என்பது கலவை செய்கிறவர்களின் தொடக்கக் கணக்கு. ஆனால் ஒட்டும் தன்மையும் வளைந்துகொடுக்கும் தன்மையும் அப்படியே வராது. இரண்டு மூன்று மெழுகுகளைக் கலந்துதான் ஒரு தேன்மெழுகைப் போலச் செய்ய முடியும்.

இந்த இரண்டு மெழுகுகளும் வறண்ட நிலத்துத் தாவரங்களிலிருந்தே வருவது தற்செயல் அல்ல. கொளுத்தும் வெயிலில் இலையிலும் தண்டிலும் இருக்கும் நீர் ஆவியாகாமல் தடுக்கத்தான் அவை மெழுகைப் பூசிக்கொள்கின்றன. நம் தோலில் நாம் கேட்பதும் அதே வேலையைத்தான்.

எனக்கு இவற்றைவிட மரியாதை தவிட்டு மெழுகின் மீதும் சூரியகாந்தி மெழுகின் மீதும்தான். தவிட்டு எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் சுத்திகரிக்கும்போது, பாட்டிலில் கலங்கலாகத் தெரியாமலிருக்கக் குளிரவைத்து வடிகட்டுவார்கள். அப்போது கசடாகப் பிரிவதுதான் இந்த மெழுகுகள். இரண்டும் எழுபது டிகிரிக்கு மேல் உருகுபவை. சூரியகாந்தி மெழுகு மிகச் சிறிய அளவிலேயே எண்ணெயைக் கட்டிப்போடும் வல்லமை உள்ளது. இதற்கென்று ஒரு செடியும் புதிதாக நட வேண்டியதில்லை.

ஷியா வெண்ணெயும் கோகோ வெண்ணெயும் எண்ணெய்க்கும் மெழுகுக்கும் நடுவே நிற்கும் கொழுப்புகள். மேற்கு ஆப்பிரிக்காவின் ஷியா மரத்துக் கொட்டையிலிருந்து வருவது முன்னது. உடல் வெப்பத்தை ஒட்டி உருகுவதால்தான் இரண்டும் கையில் எடுத்ததும் இளகுகின்றன. கோகோ வெண்ணெய் ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடியது. ஷியாவை மெதுவாக ஆறவிட்டால் அதன் கடினப் பகுதி தனியாகப் பிரிந்து மணல்மணலாகிவிடும். வேகமாகக் குளிரவைத்தால் வழவழப்பாக இருக்கும். மணல் தட்டிய பாடி பட்டர் கெட்டுப்போனது அல்ல. வெப்பத்தில் இளகி மெதுவாக உறைந்தது.

சுத்திகரிப்பும் சிக்கு வாடையும்

சூடுபடாமல் பிழிந்த எண்ணெயே சிறந்தது, சுத்திகரித்தது சத்துப் போனது என்று ஒரு பேச்சு இருக்கிறது. பாதிதான் சரி. சுத்திகரிப்பில் பசையை நீக்குவார்கள், தனித்திருக்கும் அமிலங்களை நடுநிலையாக்குவார்கள், களிமண் கொண்டு நிறம் போக்குவார்கள், இறுதியில் வெற்றிடத்தில் 200 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தி வாசனையை எடுத்துவிடுவார்கள். இதில் வைட்டமின் ஈயில் ஒரு பகுதியும் நிறமிகளும் போகும். கொழுப்பு அமிலங்களின் விகிதம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்; தோலில் நடக்கும் வேலையில் பெரும்பங்கு அவற்றுடையது. அதோடு, ஒவ்வாமைக்குக் காரணமாகும் புரத எச்சங்களும் சுத்திகரிப்பில் பெருமளவு நீங்குகின்றன. கொட்டை எண்ணெய்களில் அது சின்ன விஷயம் அல்ல. மணமில்லாத, நிறமில்லாத எண்ணெய் கலவை செய்கிறவருக்கு வரம். மணமும் நிறமும் வேண்டும் என்பவருக்கு அது குறை. இதை ஒழுக்கப் பிரச்சினையாக்க வேண்டியதில்லை.

கெடுவதுதான் பெரிய பிரச்சினை. கொழுப்பு அமிலச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் கூடக்கூட ஆக்சிஜன் எளிதில் பாயும். ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு உள்ள ஒலெயிக்கைவிட, இரண்டு உள்ள லினோலெயிக் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. மூன்று உள்ள லினோலெனிக் அதைவிட வேகம். ஆளி விதை எண்ணெய் காற்றுபட்டு உலர்ந்து படலமாவதால்தான் ஓவியர்கள் அதை வண்ணத்தில் குழைத்தார்கள். அதே குணம் முகத்துக்கான சீரமில் தலைவலி. தோலுக்கு நல்லது என்று மேலே சொன்ன லினோலெயிக் எண்ணெய்கள்தான் முதலில் சிக்கு வாடை அடிப்பவை. அப்படிக் காறிப்போன எண்ணெயிலுள்ள பெராக்சைடுகள் தோலை எரிச்சலூட்டக்கூடும். ஆகவே ரோஸ்ஹிப் (காட்டு ரோஜாக் காயின் விதை) போன்ற எண்ணெய்களைச் சிறிய, கருநிறப் புட்டியில், குளிர்ந்த இடத்தில் வைத்து, திறந்தபின் சில மாதங்களுக்குள் முடித்துவிடுவதே முறை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். டோகோஃபெரால் என்ற வைட்டமின் ஈயை எண்ணெயில் சேர்த்தால் அது ஆக்சிஜனேற்றத்தைத் தாமதமாக்கும், அவ்வளவே. கிருமியைக் கொல்லாது. தண்ணீரோ பன்னீரோ கற்றாழைச் சாறோ கலந்த எதிலும் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். அதற்கு உண்மையான பதப்பொருள் வேண்டும். “பதப்பொருள் இல்லாத, வைட்டமின் ஈ கொண்டு பாதுகாக்கப்பட்ட கற்றாழைக் கிரீம்” என்று பார்த்தால் தள்ளியே நில்லுங்கள். தண்ணீரே இல்லாத பாமுக்கு அந்தக் கவலை குறைவு, ஈரக் கையை உள்ளே விடாதவரை.

அடையாளம் தெரியாத எண்ணெய்கள்

அழகுப் பொருட்களில் தாவர எண்ணெயின் பெரும்பங்கு எண்ணெய் என்ற பெயரிலேயே வருவதில்லை. ஷாம்புவில் நுரை தரும் சோடியம் லாரில் சல்பேட், கோகாமிடோபுரோபைல் பீட்டெய்ன், லோஷனைக் கெட்டியாக்கும் செட்டியரில் ஆல்கஹால், நீரையும் எண்ணெயையும் சேர்த்துக்கட்டும் கிளிசரில் ஸ்டியரேட் – இவை பெரும்பாலும் தேங்காய் எண்ணெயிலிருந்தும், எண்ணெய்ப்பனையின் பழம் தரும் பாமாயிலிலிருந்தும், அதே பழத்தின் பனைக்கொட்டை எண்ணெயிலிருந்தும் செய்யப்படுகின்றன. பன்னிரண்டு கார்பன் நீளமுள்ள லாரிக் சங்கிலிதான் நல்ல நுரைக்கு ஏற்ற அளவு. உலகச் சந்தையில் அதைப் பெரிய அளவில் தருபவை தேங்காய் எண்ணெயும் பனைக்கொட்டை எண்ணெயும் மட்டுமே.

உலகப் பாமாயிலில் எண்பது சதவீதத்துக்கும் மேல் இந்தோனேசியாவும் மலேசியாவும் தருகின்றன. அதற்காக அழிந்த மழைக்காடுகளின் கணக்கு எல்லோரும் அறிந்தது. 2004இல் தொடங்கிய ஆர்எஸ்பிஓ என்ற அமைப்பு நீடித்த முறையில் விளைந்த பாமாயிலுக்குச் சான்று தருகிறது. ஆனால் நான்கு தொழிற்சாலைகள் தாண்டி வரும் ஒரு வழிப்பொருளில் எந்தத் தோட்டத்துப் பழம் இருக்கிறது என்று தேடிப் பிடிப்பது கடினம். முகப்பில் மொராக்கோ மரக்கொட்டையிலிருந்து வரும் ஆர்கன் எண்ணெயின் படம் போட்ட ஷாம்புவில் ஆர்கனைவிடப் பல மடங்கு பனைக்கொட்டை இருப்பது சாதாரணம். ஸ்குவாலீனோடு ஹைட்ரஜனைச் சேர்த்து எளிதில் கெடாதபடி ஆக்கிய ஸ்குவாலேன் மட்டும் இதில் மகிழ்ச்சியான விதிவிலக்கு. முன்பு சுறாவின் ஈரலிலிருந்து எடுக்கப்பட்ட அது, இன்று ஆலிவ் எண்ணெய் சுத்திகரிப்பின் கழிவிலிருந்தும் கரும்புச் சர்க்கரையை நொதிக்கவைத்தும் கிடைக்கிறது.

“இயற்கையானது” என்ற சொல்லுக்கு இந்தச் சந்தையில் சட்டப் பாதுகாப்பு மிகக் குறைவு. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ அழகுப் பொருட்களுக்கு அந்தச் சொல்லை வரையறுக்கவே இல்லை. ஐஎஸ்ஓ 16128 என்ற பன்னாட்டு வழிகாட்டுதல், ஒரு பொருளில் இயற்கை மூலத்திலிருந்து வந்தது எத்தனை பங்கு என்று கணக்கிடும் முறையைத் தருகிறது. தண்ணீரையும் சேர்த்துக் கணக்கிட அது இடம் தருவதால் எண்கள் அழகாக உயர்ந்துவிடும். ஐரோப்பியச் சான்றளிப்பு அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய காஸ்மோஸ் தரநிலை இதைவிடக் கண்டிப்பானது. எந்தெந்த வேதிமாற்றம் அனுமதி, எது கூடாது என்று பட்டியலே வைத்திருக்கிறது.

சான்றிதழைவிட எளிய கருவி டப்பாவின் பின்புறம் இருக்கிறது. மூலப்பொருட்கள் எடையின் இறங்கு வரிசையில் வர வேண்டும். ஒரு சதவீதத்துக்கும் குறைவானவற்றை மட்டும் எந்த வரிசையிலும் போடலாம். வாசனைப் பொருளுக்கும் பதப்பொருளுக்கும் பின்னால் ஓர் அரிய எண்ணெயின் பெயர் வந்தால், அது பெரும்பாலும் முகப்புப் படத்துக்காகச் சேர்த்த துளி.

அந்தப் பட்டியலில் தெரியாதது ஒன்றும் உண்டு. காண்டெலில்லாவை வேரோடு பிடுங்கி, கந்தக அமிலம் கலந்த கொதிநீரில் போட்டு, நுரையாக மிதக்கும் மெழுகை வழித்தெடுப்பதே பழைய முறை. இன்றும் பெரும்பாலும் காட்டுச் செடிகளை நம்பியே இது நடக்கிறது. செடிக்கு ஆபத்து வந்துவிடாமலிருக்க, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியல் அதன் வணிகத்தைக் கண்காணிக்கிறது. கடைக்கு வந்துவிட்ட லிப் பாமுக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. கார்னவுபாவில் மரம் தப்பித்துவிடுகிறது. ஓலையை மட்டும் வெட்டி வெயிலில் உலர்த்தி அடித்தால் மெழுகுப் பொடி உதிரும், மறு ஆண்டு மரம் மீண்டும் தழைக்கும். தப்பாதவர்கள் தொழிலாளிகள். நீண்ட கழிகளில் கட்டிய அரிவாளோடு கொளுத்தும் வெயிலில் செய்யும் வேலை அது. அடிமை நிலைக்கு ஒப்பான சூழலில் வேலை வாங்கப்பட்டவர்களை அந்தத் தோப்புகளிலிருந்து பிரேசிலின் தொழிலாளர் ஆய்வாளர்கள் பலமுறை மீட்டிருக்கிறார்கள். வாங்கும் நிறுவனங்கள் மூலத்தைத் தேடிப் போகத் தொடங்கியது அந்தச் செய்திகள் வெளியான பிறகுதான். மெழுகு எந்தத் தோப்பிலிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய நிறுவனங்கள் இப்போது சில இருக்கின்றன, கேட்டுப் பார்க்கலாம்.